பள்ளி வளாகக் காற்றில் அக்ரோலீன்: அளவுக்கு அடிப்படையான நியம வாயுவே ஐயத்துக்கு உள்ளானபோது எடுக்கப்பட்ட முடிவு

## பின்னணி

தொழிற்சாலைகளை ஒட்டி அமைந்த அமெரிக்கப் பள்ளிகளின் காற்றில் என்னென்ன நச்சுகள் கலந்திருக்கக்கூடும் என்று 2008-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாளிதழ் தொடராக எழுதியது. பெற்றோரிடையே அது பெரும் கவலையைக் கிளப்பியது. அதைத் தொடர்ந்து அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இனி, முகமை) 2009 மார்ச்சில் ஒரு திட்டத்தை அறிவித்தது. 22 மாநிலங்களில் 60-க்கும் மேற்பட்ட பள்ளிகளின் வளாகத்திலேயே மாதிரிக் கருவிகளை நிறுத்துவது, ஏறத்தாழ 60 நாள் காலத்துக்குள் ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது 10 மாதிரிகளாவது சேகரிப்பது, ஒவ்வொரு மாதிரியும் 24 மணி நேரக் காற்றைக் கொண்டதாக இருப்பது என்பது அதன் ஏற்பாடு. பென்சீன், 1,3-பியூட்டாடையீன், ஈயம், மாங்கனீசு, ஆறிணைதிறன் குரோமியம் எனப் பட்டியல் நீண்டது. அதில் அக்ரோலீனும் இருந்தது. இந்த நிகழ்வு ஆய்வு அந்த ஒரு சேர்மத்தைப் பற்றியது மட்டுமே.

அக்ரோலீன் நமக்குப் பெயரால் பழக்கமில்லாவிட்டாலும் நெடியால் பழக்கமானது. வாணலியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரித்து மூக்கை எரிக்கும் நெடியில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு; எண்ணெயிலுள்ள கிளிசரால் நீரிழந்து அக்ரோலீனாக மாறுகிறது. விறகுப் புகை, காட்டுத்தீ, வாகனப் புகை, சிகரெட் புகை ஆகிய எல்லாவற்றிலும் இது இருக்கிறது. வாகனப் புகையோடு வெளிவரும் 1,3-பியூட்டாடையீன் பகல் வெளிச்சத்தில் சிதையும்போதும் காற்றிலேயே இது உருவாகிறது. 1990-இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் அபாயகரமான காற்று மாசுகள் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

அக்ரோலீனுக்கு முகமை 2003-இல் வகுத்த மேற்கோள் செறிவு கன மீட்டருக்கு 0.02 மைக்ரோகிராம். வாழ்நாள் முழுவதும் சுவாசித்தாலும் தீங்கு விளைய வாய்ப்பில்லை என்று கருதப்படும் அளவு இது. இதைத் தாண்டிய உடனே நோய் வந்துவிடும் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் இது மிகமிகச் சிறிய அளவு. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுத் தேசியக் காற்றுத் தர அளவுகளில் பென்சீனுக்கு ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம் அனுமதிக்கப்படுகிறது. அதில் 250-இல் ஒரு பங்குதான் இந்த 0.02. அறை வெப்பநிலையில் அக்ரோலீனின் 1 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கில் ஒரு பங்கு, கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 மைக்ரோகிராமுக்குச் சமம். ஆகவே அளக்க வேண்டிய எல்லை 0.009 பிபிபி அருகில் இருந்தது. இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வருவன பலவற்றுக்கும் இதுவே அளவுகோல்.

முகமையின் தேசிய அளவிலான கணினி மாதிரிக் கணிப்புகளும் அக்ரோலீனைத்தான் மூச்சுப்பாதைப் பாதிப்பில் முதன்மையான காரணியாகக் காட்டிவந்தன. எனவே பள்ளிகளில் இதை அளக்க வேண்டும் என்று நினைத்தது முற்றிலும் நியாயம். சிக்கல், அளக்கும் முறை அந்த நினைப்புக்கு ஈடுகொடுக்கும் நிலையில் இருந்ததா என்பதில் இருந்தது.

இங்கே பேசப்படும் ஆய்வகங்களுக்கும் அலுவலர்களுக்கும் பள்ளிகளுக்கும் பெயர் தேவைப்படவில்லை. நடந்தவற்றைப் பொதுவில் வெளியான தகவல்களைக் கொண்டும், ஏன் நடந்தன என்பதை அந்த அளவீட்டு முறையின் வேதியியலைக் கொண்டும் எழுதுகிறேன்.

## அளவு எப்படிக் கிடைக்கிறது

ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்ற கார்பனைல் சேர்மங்களை அளக்க, டி.என்.பி.எச். என்ற வினைப்பொருள் பூசிய சிறு குழாய்களின் வழியே காற்றை இழுப்பது நெடுங்காலமாக வழக்கில் உள்ள முறை. ஃபார்மால்டிஹைடுக்கு அது நன்றாகவே உதவுகிறது. அக்ரோலீன் அந்தக் குழாயில் பிடிபட்ட பின்னும் அமைதியாக இருப்பதில்லை. மேற்கொண்டு வினைபுரிந்து வேறு சேர்மங்களாகிவிடுவதால், உண்மையில் இருந்ததைவிடக் குறைவாகவே எண்ணிக்கைக்கு வரும். இதை உணர்ந்துதான் 2005 வாக்கில் தேசியக் கண்காணிப்புத் திட்டங்களில் அக்ரோலீனைக் கேனிஸ்டர் முறைக்கு மாற்றினார்கள்.

கேனிஸ்டர் என்பது உட்புறம் மெருகேற்றப்பட்ட அல்லது சிலிக்காப் படலம் பூசப்பட்ட துருப்பிடிக்காத எஃகு உருண்டை. பெரும்பாலும் 6 லிட்டர் கொள்ளளவு. வெற்றிடமாக்கி வளாகத்தில் வைத்தால், ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவி 24 மணி நேரத்துக்கும் சீராகக் காற்றை உள்ளே விடும். பிறகு ஆய்வகத்துக்குப் போய், குளிர்பொறியில் செறிவாக்கப்பட்டு, சேர்மங்களைப் பிரித்து நிறையைக் கொண்டு அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் கருவிக்குள் செல்லும். 1999 ஜனவரியில் வெளியான டி.ஓ.-15 என்ற செய்முறை அன்று இதற்கு வழிகாட்டி.

ஜிசி-எம்எஸ் கருவி எந்தச் செறிவையும் தானாகச் சொல்வதில்லை. அது தருவது, தான் வரையும் கோட்டில் அந்தச் சேர்மத்துக்காக எழும் ஒரு முகட்டின் பரப்பு மட்டும். இத்தனை பரப்புக்கு இத்தனை பிபிபி என்று அதற்குக் கற்றுக்கொடுப்பது, செறிவு ஏற்கெனவே தெரிந்த ஒரு வாயுக் கலவை. ஆய்வகங்களில் 'ஸ்டாண்டர்டு' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த நியம வாயு, ஒரு சிலிண்டரில் சான்றிதழோடு வந்து சேர்கிறது. ஃப்ளேம் அயனியாக்கக் கருவி என்ற வேறொரு வகை உணர்கருவியில் ஹைட்ரோகார்பன்களின் துலங்கல் கார்பன் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருப்பதால், ஒரு சேர்மத்தின் நியமம் தவறினால் மற்றவற்றோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். ஜிசி-எம்எஸ் கருவியிலுள்ள நிறைமானிக்கு அப்படியொரு பொது விதி கிடையாது. ஒவ்வொரு சேர்மத்துக்கும் அதனதன் நியமம்தான் ஒரே ஆதாரம்.

அந்தச் சிலிண்டர் எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மிக உயர்ந்த தரத்தில் செய்தால், ஐ.எஸ்.ஓ. 6142 தரநிலைப்படி காலிச் சிலிண்டரை நிறுத்து, தூய்மை தெரிந்த சேர்மத்தைச் சேர்த்து மறுபடி நிறுத்து, நைட்ரஜனை அழுத்தி நிரப்பி மூன்றாம் முறை நிறுப்பார்கள். அந்தக் கலவையிலிருந்து ஒரு பங்கை எடுத்து இன்னொரு சிலிண்டரில் மேலும் நீர்க்கச் செய்வார்கள். இப்படி நிறை அளவுகளின் சங்கிலியாகப் பின்னோக்கிச் சென்றால் கிலோகிராம் வரை கைபிடித்து நடக்கலாம். பென்சீன், டொலுவீன், சைலீன் போன்றவற்றுக்கு இந்தச் சங்கிலி உறுதியாக இருக்கிறது. பல நாடுகளின் அளவியல் நிறுவனங்கள் தாம் தயாரித்த கலவைகளை 'சி.சி.க்யூ.எம்.-கே10' என்ற ஒப்பீட்டில் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கின்றன. உலக வானிலை அமைப்பின் வளிமண்டலக் கண்காணிப்பு வலையமைப்பில் மீத்தேன் அல்லாத ஹைட்ரோகார்பன்களுக்கு மைய அளவுத்திருத்த ஆய்வகமாக இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. நிலையங்கள் சரியாக அளக்கின்றனவா என்று சரிபார்க்கும் உலக மையம் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டென்கிர்ஷனில் இயங்குகிறது.

அக்ரோலீனுக்கு இத்தகைய திடமான அடித்தளம் அன்று இருக்கவில்லை. காரணம் அதன் மூலக்கூறிலேயே உள்ளது. இரட்டைப் பிணைப்பும் ஆல்டிஹைடு தொகுதியும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், தனக்குத்தானே இணைந்து பாலிமராக மாறும் இயல்பு அதற்கு மிகுதி. திரவமாக விற்கும்போதே ஹைட்ரோகுயினோன் போன்ற தடுப்பானைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்து ஓர் அலுமினியச் சிலிண்டரில் அடைத்தால், மூலக்கூறுகள் சுவரில் ஒட்டுவதற்கும், அங்கே வினைபுரிவதற்கும், மெல்ல மெல்லக் குறைவதற்கும் வாய்ப்பு உண்டு. எடைபோட்ட அன்று சான்றிதழில் எழுதிய எண் சரியாகவே இருந்திருக்கலாம். ஆறு மாதம் கழித்து, ரெகுலேட்டரைத் திறக்கும் அன்று அது சரியா என்பது வேறு கேள்வி.

## கண்டவை

2009-இல் பள்ளிகளிலிருந்து முடிவுகள் வரத் தொடங்கின. கிடைக்கக் கிடைக்க அவற்றை இணையத்தில் வெளியிடுவது என்ற வெளிப்படையான கொள்கையை முகமை கடைப்பிடித்தது. அக்ரோலீன் ஏறத்தாழ அளந்த இடங்களிலெல்லாம் 0.02 மைக்ரோகிராமை மிஞ்சியே வந்தது. தேசியக் கண்காணிப்பு நிலையங்களின் கேனிஸ்டர் தரவுகளும் அதே போக்கில்தான் இருந்தன.

இதற்கு இரண்டு விளக்கங்கள் தர முடியும். வாகனமும் விறகும் தீயும் எங்கும் இருப்பதால் அக்ரோலீனும் எங்கும் இருக்கிறது என்பது ஒன்று. அளவீட்டிலேயே ஏதோ ஒன்று எல்லா மாதிரிகளிலும் ஒரே திசையில் கூட்டுகிறது என்பது மற்றொன்று. முதல் விளக்கம் இயல்பானது. மாதிரிக் கணிப்புகளும் அதை ஆதரித்தன. அதனாலேயே இரண்டாவதைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருந்தது. நாம் எதிர்பார்த்த எண்ணே கிடைக்கும்போது, அதன் அடியைத் தோண்டிப் பார்க்க யாருக்கும் அவசரம் தோன்றுவதில்லை.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டாலே நிலைமை புரியும். 1999-இன் டி.ஓ.-15 செய்முறைப்படி, கழுவிய கேனிஸ்டரில் தூய காற்றை நிரப்பிச் சோதித்தால் எந்தச் சேர்மமும் 0.2 பிபிபிக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தச் சோதனையில் தேறிய கேனிஸ்டர் 'சுத்தமானது'. அக்ரோலீனுக்கு 0.2 பிபிபி என்பது ஏறத்தாழ 0.46 மைக்ரோகிராம். அதாவது, விதிப்படி முற்றிலும் சுத்தம் என்று சான்று பெற்ற வெற்றுக் கேனிஸ்டரே, பள்ளிக்கு அனுப்பப்படும் முன்பே, மேற்கோள் செறிவைப் போல 20 மடங்குக்கு மேல் அக்ரோலீனைத் தன்னுள் வைத்திருக்க அந்த விதி இடம்கொடுத்தது. செய்முறையை எழுதியவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அந்த 0.2 எல்லாச் சேர்மங்களுக்கும் பொதுவான அளவு. அக்ரோலீனின் உடல்நல எல்லையோ அதற்கு வெகு கீழே இருந்தது.

## 2010: ஆய்வகச் சோதனை

அடுத்த கட்டமாக முகமை ஒரு குறுகிய கால ஆய்வகச் சோதனையை நடத்தியது. அக்ரோலீன் முடிவுகளைக் கணிசமாக மாற்றக்கூடியவை என்று அதில் இரண்டு காரணிகள் வெளிப்பட்டன. மாதிரி எடுப்பதற்கு முன் கேனிஸ்டரைச் சுத்தம் செய்யும் விதம் ஒன்று. கருவியை அளவுத்திருத்தம் செய்யப் பயன்படும் நியம வாயு மற்றொன்று.

சுத்தம் செய்வதென்றால், கேனிஸ்டரை வெற்றிடப் பம்பில் இணைத்துக் காற்றை வெளியேற்றி, ஈரப்பதமூட்டிய நைட்ரஜனையோ தூய காற்றையோ நிரப்பி, மறுபடி வெளியேற்றி, இதைப் பல சுற்றுகள் திரும்பச் செய்வது. சில ஆய்வகங்கள் அடுப்பில் வைத்துச் சூடாக்கியபடி செய்யும். சில, அறை வெப்பநிலையிலேயே முடித்துவிடும். சூடாக்காமல் கழுவிய கேனிஸ்டரின் சுவரில் முந்தைய மாதிரிகளின் கனமான எச்சங்கள் மெல்லிய படலமாகத் தங்கக்கூடும். அவை மெதுவாகச் சிதைந்து அக்ரோலீனை வெளிவிடும். கழுவி முடித்த அன்றைய சோதனையில் அது தெரியாமல் போகலாம். கேனிஸ்டர் களத்துக்குப் போய், மாதிரியோடு திரும்பி, பகுப்பாய்வுக்காக வரிசையில் காத்திருக்கும் நாள்களில் வளரும். இந்தத் துறையில் இதை 'கேனிஸ்டருக்குள் வளர்ச்சி' என்றே சொல்கிறார்கள்.

நியம வாயுவின் பிழை இன்னும் நுட்பமானது. சிலிண்டரில் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, என்று சான்றிதழ் சொல்கிறது; சுவர் இழப்பால் உள்ளே உண்மையில் 0.8 தான் எஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி 0.8-க்கான முகட்டைக் காட்டும். பகுப்பாய்வாளர் அதை 1 என்று பதிவு செய்வார். அதன்பின் வரும் ஒவ்வொரு மாதிரியும் 1.25 மடங்காகப் பெருகித் தெரியும். தேய்ந்த எடைக்கல்லை வைத்து நிறுத்தால் 800 கிராம் சரக்கு 1 கிலோவாகத் தெரிவதைப் போன்றது இது. தராசில் எந்தக் குறையும் இருக்காது. கருவியின் நாளாந்தச் சரிபார்ப்பும் அதே சிலிண்டரைக் கொண்டே நடப்பதால், எல்லாச் சோதனைகளும் தேறியதாகவே பதிவேட்டில் இருக்கும்.

இதில் என்னைக் கவலைகொள்ள வைப்பது, இந்த இரண்டு பிழைகளின் திசை. கேனிஸ்டருக்குள் வளர்ச்சி முடிவைக் கூட்டுகிறது. சிலிண்டரில் தேய்வும் முடிவைக் கூட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டாமல், ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகின்றன. அதோடு முடியவில்லை. நியம வாயுவை நீர்க்கச் செய்து அளவுத்திருத்தக் கலவைகளை வைப்பதும் இதே போன்ற கேனிஸ்டர்களில்தான். அவற்றில் வளர்ச்சி நிகழ்ந்தால் முகடு பெரிதாகி, மாதிரிகள் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே குறிப்பிட்ட ஒரு முடிவைக் கையில் எடுத்து, இது கூடுதலா குறைவா, எவ்வளவு என்று கேட்டால், யாராலும் விடை சொல்ல முடியாத நிலை.

## எடுக்கப்பட்ட முடிவு

2010 டிசம்பரில் முகமை தன் முடிவை வெளியிட்டது. அக்ரோலீன் முடிவுகளின் சீர்மையும் நம்பகத்தன்மையும் ஐயத்துக்கு உள்ளாகியிருப்பதால், பள்ளிகளின் காற்றால் உடல்நலக் கவலை உண்டா என்பதை மதிப்பிடும்போது அந்தத் தரவுகளைப் பயன்படுத்தப் போவதில்லை என்பதே அது. ஒவ்வொரு பள்ளிக்கும் பின்னர் எழுதப்பட்ட அறிக்கையிலும் இந்தக் குறிப்பு இடம்பெற்றது. பென்சீன், பியூட்டாடையீன் போன்ற மற்றச் சேர்மங்களின் முடிவுகள் அப்படியே நின்றன.

இந்த முடிவு எளிதாக எடுக்கக்கூடியதாக இருந்திருக்க முடியாது. மக்கள் பணத்தில் நடந்த திட்டம். எண்கள் ஏற்கெனவே வெளியாகிவிட்டன. அந்த எண்களைப் பார்த்துத் தம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைப் பற்றி அஞ்சிய பெற்றோர் இருந்தனர். அவர்களிடம் போய், 'அந்த எண்ணை நாங்கள் நம்பவில்லை' என்று சொல்வது ஒருவகையில் மோசமான முடிவைச் சொல்வதைவிடக் கடினம். ஆபத்து இல்லை என்று சொல்லும் உரிமையையும் அது தருவதில்லை. இருந்தும் அதுவே சரியான முடிவு என்று கருதுகிறேன். தவறு என்று தெரிந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிகளைத் தரம்பிரித்திருந்தால், பழைய சிலிண்டரைப் பயன்படுத்திய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிய பள்ளி ஆபத்தானதாகவும், புதிய சிலிண்டர் வாங்கிய ஆய்வகத்துக்கு அனுப்பிய பள்ளி பாதுகாப்பானதாகவும் பதிவாகியிருக்கும்.

## ஏன் எண்களைத் திருத்தவில்லை

இந்த நிகழ்வைக் கேட்கும் பலரும், பிழை தெரிந்த பின் ஒரு திருத்தக் காரணியால் பெருக்கிவிட்டிருக்கலாமே என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, விடை சற்று விரிவாகத் தேவை.

ஒரே பிழை, ஒரே அளவில், எல்லா மாதிரிகளிலும் இருந்தால் திருத்தலாம். உதாரணமாக, தேய்ந்த ஒரே சிலிண்டரை ஓர் ஆய்வகம் ஆண்டு முழுவதும் பயன்படுத்தியிருந்து, அந்தச் சிலிண்டர் காலியாகாமல் இன்றும் இருந்தால், அதை நம்பகமான ஒரு மூல நியமத்தோடு ஒப்பிட்டு இன்றைய மதிப்பை அறியலாம். ஆனால் தேய்வு எந்த மாதத்தில் எவ்வளவு நிகழ்ந்தது என்பதை அது சொல்லாது. மேலும் ஒப்பிடுவதற்கான அந்த மூல நியமம் அக்ரோலீனுக்கு நிலைபெற்றிருக்கவில்லை. இரண்டு விற்பனையாளர்களின் சிலிண்டர்களை அருகருகே வைத்து, அவை 25 விழுக்காடு வேறுபட்டால், எது உண்மை என்று தீர்த்துவைக்க மூன்றாவது சாட்சி வேண்டும்.

கேனிஸ்டர் வளர்ச்சியோ கேனிஸ்டருக்குக் கேனிஸ்டர் வேறுபடுவது. அதன் உட்பூச்சு, இதற்குமுன் அது சுமந்த மாதிரிகள், கழுவிய வெப்பநிலை, உள்ளே இருந்த ஈரப்பதம், மாதிரி எடுத்த நாளுக்கும் பகுப்பாய்வு நாளுக்கும் இடைப்பட்ட காலம் ஆகிய அனைத்தும் அதைத் தீர்மானிக்கும். எந்தக் கேனிஸ்டர் எந்தப் பள்ளிக்குப் போனது என்பது பதிவேட்டில் இருக்கலாம். அந்த வாரத்தில் அதன் சுவர் எந்த நிலையில் இருந்தது என்பது எங்கும் இருக்காது. இப்படிப்பட்ட பிழையை ஒரே எண்ணால் பெருக்கித் திருத்தினால், ஐயத்துக்குரிய எண்ணுக்குத் துல்லியமான தோற்றம் வந்துவிடும். பயன்படுத்தாமல் விடுவதே நேர்மையான வழியாக எஞ்சியது.

## பின்னர் நடந்தவை

உடனடி விளைவு ஓர் இடைவெளி. சில பள்ளிகள் தேர்வானதற்கே கணினி மாதிரிக் கணிப்பில் அக்ரோலீன் உயர்ந்திருந்தது ஒரு காரணம். அந்தப் பள்ளிகளுக்கு, எந்தக் கேள்விக்காக அளக்க வந்தார்களோ அந்தக் கேள்வி விடையின்றியே நின்றது.

செய்முறை மெல்ல மாறியது. 2019 செப்டம்பரில் டி.ஓ.-15ஏ என்ற திருத்திய செய்முறை வெளியானது. அதில் கேனிஸ்டர் சுத்தத்தின் எல்லை 0.2 பிபிபியிலிருந்து 0.02 பிபிபிக்கு, பத்தில் ஒரு பங்காக, இறக்கப்பட்டது. தூய காற்றை நிரப்பிக் காத்திருந்து வளர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும், தெரிந்த செறிவை நிரப்பிக் காத்திருந்து இழப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒவ்வொரு கேனிஸ்டருக்கும் தகுதிச் சோதனைகளாயின. அளவுத்திருத்தம் செய்த சிலிண்டரிலிருந்து வேறான, இரண்டாவது மூலத்திலிருந்து வந்த நியமத்தைக் கொண்டு சரிபார்த்து, வேறுபாடு 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும் உறுதிப்படுத்தப்பட்டது. இவை பெரிய முன்னேற்றங்கள். ஆனாலும் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தால், 0.02 பிபிபி அக்ரோலீன் என்பது 0.046 மைக்ரோகிராம், மேற்கோள் செறிவைப் போல இன்னும் இரண்டு மடங்குக்கு மேல். புதிய விதியின்படி சுத்தமான கேனிஸ்டரும் அக்ரோலீனுக்குப் போதுமான சுத்தம் இல்லை.

இதே சிக்கல் இன்னொரு சேர்மத்தில் திரும்ப வந்தது. எத்திலீன் ஆக்சைடு புற்றுநோயை உண்டாக்குவது என்று முகமை 2016 டிசம்பரில் மறுமதிப்பீடு செய்த பின், மருத்துவக் கருவிகளுக்குக் கிருமிநீக்கம் செய்யும் ஆலைகளைச் சுற்றிக் கேனிஸ்டர்கள் வைக்கப்பட்டன. இல்லினாய் மாநிலத்தில் அப்படிப்பட்ட ஓர் ஆலை 2019 பிப்ரவரியில் மூடப்பட்டது. அருகிலிருந்த நிலையங்களில் உச்ச அளவுகள் இறங்கின. அதனால் அந்த அளவீடு ஆலையைப் பற்றிச் சொன்னது உண்மை என்பது உறுதியானது. ஆனால் அளவு சுழியத்துக்கு வரவில்லை. எஞ்சியதில் எவ்வளவு உண்மையான பின்னணிக் காற்று, எவ்வளவு கேனிஸ்டர் தானே உண்டாக்கியது, எவ்வளவு நிறமாலையில் மேல்விழும் வேறு சேர்மம் என்று பிரிக்கும் வேலையில் முகமை இறங்கியது. சில கேனிஸ்டர்களில் எத்திலீன் ஆக்சைடும் வளர்கிறது என்பது அந்த ஆய்வுகளில் தெரிந்தது.

## இன்று அதே திட்டத்தை வகுத்தால்

முதலாவதாக, களத்துக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை அடுத்தடுத்து எழுதுவேன்: உடல்நல எல்லை, வெற்றுக் கேனிஸ்டருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை, நியம வாயுவின் சான்றிதழில் உள்ள நிச்சயமின்மை. இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால் அந்தச் சேர்மத்தை அந்த முறையில் அளக்கவே கூடாது. பட்டியலில் இருக்கிறது என்பதற்காக அளந்து வெளியிட்டால், இங்கே நடந்ததே நடக்கும்.

இரண்டாவது, சிலிண்டர் வாங்கும்போது அக்ரோலீனைத் தனியாக வாங்காமல் பென்சீனோடு ஒரே கலவையில் வாங்குவேன். பென்சீன் சிலிண்டருக்குள் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்பது. வாரந்தோறும் அளவுத்திருத்தத்தின்போது அக்ரோலீன் முகட்டை அதே ஓட்டத்தில் வரும் பென்சீன் முகட்டால் வகுத்து, அந்த விகிதத்தை ஒரு வரைபடத்தில் குறித்துவந்தால், கருவியின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவாகி நீங்கிவிடும். விகிதம் ஒரே சீராக இறங்கிக்கொண்டு வந்தால் அது சிலிண்டரின் தேய்வைக் காட்டும். செலவே இல்லாத சோதனை இது. ரெகுலேட்டரைப் புதிதாக மாட்டிய அன்று எடுத்த புள்ளியை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதன் உள்சுவர் நிறைவடையும் வரை வாயுவை ஓடவிட்டு, அடுத்தடுத்த முகடுகள் ஒத்துவந்த பின்பே பதிய வேண்டும்.

மூன்றாவது, தூய ஈரக் காற்று நிரப்பிய சில கேனிஸ்டர்களை மாதிரிகளோடு சேர்த்தே பள்ளிக்கு அனுப்பி, அதே வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து, மாதிரிகள் காத்திருந்த அத்தனை நாளும் காத்திருக்க வைத்துப் பகுப்பாய்வு செய்வேன். கழுவிய அன்று எடுக்கும் வெற்றுச் சோதனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே கேனிஸ்டர் வளர்ச்சியின் அளவு. ஒரே பள்ளியில் வெவ்வேறு உட்பூச்சு கொண்ட இரண்டு கேனிஸ்டர்களை இணையாகவும் ஓட்டுவேன். பென்சீனில் அவை ஒத்துவந்து அக்ரோலீனில் வேறுபட்டால், காற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேனிஸ்டரைப் பற்றிப் பேச வேண்டும்.

வெளியிடும் முறையையும் மாற்றுவேன். முடிவுகளை உடனுக்குடன் வெளியிட்ட முகமையின் வெளிப்படைத்தன்மை பாராட்டத்தக்கது. அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் நியமச் சங்கிலி முழுமையாக உள்ள சேர்மங்களின் எண்களையும், அது இல்லாத சேர்மங்களின் எண்களையும் ஒரே அட்டவணையில் ஒரே எழுத்தில் அச்சிடுவது, இரண்டும் ஒரே தரம் என்று வாசிப்பவரிடம் சொல்வதாகும். இரண்டாவது வகைக்குத் தனி அட்டவணை, அதன் தலைப்பிலேயே நிச்சயமின்மை, அளவுத்திருத்தச் சிலிண்டரின் வயது, கேனிஸ்டர் காத்திருந்த நாள்கள் ஆகியவற்றைச் சேர்த்து வெளியிட்டிருந்தால், 2010 டிசம்பர் அறிவிப்பைப் படித்த பெற்றோருக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.